கிதாரின் கை, பேஸின் குரல்

1968-இல் கிளென் கேம்பல் பாடிய 'விச்சிட்டா லைன்மேன்' பாட்டுக்கு மூன்றாவது சரணம் கிடையாது. எழுதிய ஜிம்மி வெப், பாட்டு இன்னும் முடியவில்லை என்ற எண்ணத்தில்தான் அதைக் கொடுத்திருந்தார். பதிவு நடந்தபோது அந்த இடம் காலியாக நின்றது. கேம்பல், பேஸ் கலைஞர் கேரல் கேயின் டேன்எலக்ட்ரோ வாத்தியத்தை வாங்கி, பாடிய மெட்டை ஒட்டியே ஒரு தனி வாசிப்பை அங்கே வைத்தார். முதல்முறை கேட்பவர் அதைக் கிதார் என்றுதான் நினைப்பார். தொண்டை கனத்த ஒரு கிதார். உண்மையில் அது ஆறு கம்பி பேஸ்.

ஆறு கம்பி பேஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு வாத்தியங்கள் உலவுகின்றன. ஒன்று கேம்பல் வாசித்தது: கிதாரைப் போலவே ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி சேர்த்தது, ஆனால் முழுதாக ஒரு ஸ்தாயி கீழே. கிதார் தெரிந்தவர் எந்தப் புது விரலமைப்பும் கற்காமல் உடனே வாசிக்கலாம். மற்றொன்று, நான்கு கம்பி பேஸுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கம்பி சேர்த்து, பி, ஈ, ஏ, டி, ஜி, சி என்று விரித்தது. அதன் கழுத்து அகலமானது; வாசிப்பவர்கள் பேஸ் கலைஞர்கள். இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி முதல் வகையைப் பற்றியது. கிதாருக்கும் பேஸுக்கும் இடையே பாலம் என்று அதைத்தான் சொல்வார்கள். பாலம் என்பது சரி. ஆனால் அது எங்கே நிற்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் நடுவில் இல்லை.

கணக்கு பழையது. பிரெஞ்சுத் துறவியும் கணிதருமான மரேன் மெர்சென் 1636-இல் வெளியிட்ட நூலில் கம்பியின் விதியைத் தெளிவாக எழுதிவிட்டார். அதிர்வெண்ணை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அதிரும் நீளம், இழுவிசை, ஒரு அங்குலக் கம்பியின் எடை. சுருதி ஒரு ஸ்தாயி இறங்க வேண்டுமானால் அதிர்வெண் பாதியாக வேண்டும். அதற்கு நீளத்தை இரட்டிக்கலாம். அல்லது இழுவிசையை நான்கில் ஒன்றாகக் குறைக்கலாம். அல்லது எடையை நான்கு மடங்காக்கலாம்.

மூன்றையும் தனித்தனியே செய்து பார்த்தால் மூன்றுமே உதவாது. ஃபெண்டர் கிதாரில் நட்டிலிருந்து குதிரை வரை கம்பியின் நீளம் 25.5 அங்குலம். இரட்டித்தால் 51. நின்றுகொண்டு வாசிக்கும் டபுள் பேஸில்கூட அது பொதுவாக 42 அங்குலத்துக்குள் அடங்கிவிடுகிறது. இழுவிசை வழியும் சரிவராது: கிதாரின் தடித்த ஈ கம்பி சுமார் 8 கிலோ இழுவிசையில் நிற்கிறது, அதை இரண்டு கிலோவுக்குத் தளர்த்தினால் கம்பி ஃப்ரெட்டுகளில் மோதிச் சடசடக்கும். எடையை மட்டும் நான்கு மடங்காக்கினால் கம்பி தடித்துக் கோல்போல் விறைக்கும். விறைத்த கம்பியின் மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணின் சரியான மடங்குகளில் விழாமல் சற்று மேலே ஏறிக்கொள்ளும். காதுக்கு மணியோசையின் சாயல் வரும்.

ஆகவே மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கலவையில்தான் இந்த வாத்தியத்தின் குணம் தீர்மானமாகிறது. 1956-இல் நேதன் டேனியலின் டேன்எலக்ட்ரோ நிறுவனம் நியூஜெர்சியில் வெளியிட்ட ஆறு கம்பி பேஸ் முப்பது அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான நீளத்தைத் தேர்ந்தது. மர அட்டையை ஒட்டிச் செய்த உடம்பு, உதட்டுச்சாயக் குப்பிகளுக்கான உலோகக் குழாயில் அடைத்த பிக்கப் என்று மலிவாகச் செய்த வாத்தியம் அது. ஆனால் மலிவு என்பதற்காக மோசம் இல்லை. 1961-இல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் அதற்குப் பதிலடியாகக் கொண்டுவந்த பேஸ் சிக்ஸுக்கு நீளம் சரியாக 30 அங்குலம். அதே நிறுவனம் பத்து ஆண்டுகளுக்கு முன்பு அறிமுகப்படுத்திய நான்கு கம்பி பிரிசிஷன் பேஸுக்கோ 34.

இந்த எண்களை மெர்செனின் விதியில் போட்டுப் பார்க்கலாம். கிதாரின் இழுவிசையை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு ஸ்தாயி இறங்க, 30 அங்குல நீளத்தில் கம்பியின் எடை 2.89 மடங்காக வேண்டும். அதாவது தடிமன் ஏறத்தாழ 1.7 மடங்கு. கிதாரின் தடித்த ஈ கம்பி வழக்கமாக 0.046 அங்குலம். அதை 1.7-ஆல் பெருக்கினால் 0.078. பேஸ் சிக்ஸுக்கென்று கடையில் விற்கும் சாதாரணத் தொகுப்பில் அந்தக் கம்பி 0.084. ஏறக்குறைய ஒட்டிப்போகிறது. பிரிசிஷன் பேஸுக்கு இதே கணக்கைப் போட்டால் 0.069 போதும் என்று வரும். ஆனால் அதில் மாட்டுவது 0.100, 0.105. கணக்கு தப்பவில்லை. பேஸ் கம்பி கிதாரைவிட இரு மடங்குக்கு மேலான இழுவிசையில், 18 கிலோ அளவில், நிற்கிறது. ஆறு கம்பி பேஸின் ஈ கம்பி ஒன்பது, பத்து கிலோதான்.

நான் சொல்ல வந்ததே இந்த வித்தியாசத்தைத்தான். சுருதியில் இது பேஸ். அதன் திறந்த ஈ கம்பி, பேஸின் ஈ கம்பியைப் போலவே நொடிக்கு 41.2 முறை அதிர்கிறது. விரலுக்குத் தெரியும் இழுவிசையிலோ இது கிதார். பேஸ் வாசிப்பவர் கையிலெடுத்தால் கம்பி தொளதொளவென்று இருப்பதாகக் குறைப்பட்டுக்கொள்வார். விரலால் பலமாக இழுத்து வாசித்துப் பழகியவருக்கு எதிர்த்து நிற்கும் கம்பி வேண்டும். கிதார் வாசிப்பவருக்கு அந்தக் குறையே தோன்றாது. பிக்கை எடுத்து வாசிக்கத் தொடங்கிவிடுவார்.

கையின் நீட்டமும் கிதார் பக்கமே சாய்கிறது. முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காம் ஃப்ரெட் வரை கிதாரில் 97 மில்லிமீட்டர், 30 அங்குல வாத்தியத்தில் 114, பிரிசிஷன் பேஸில் 130. நான்கு விரலையும் ஃப்ரெட்டுக்கு ஒன்றாக வைத்து வாசிப்பவருக்கு 114 என்பது சிரமம்தான், ஆனால் எட்டும். கம்பிகளுக்கு இடையே உள்ள இடைவெளியோ பேஸைவிட மிகக் குறுகல். பெருவிரலால் தட்டி ஒலிக்கும் ஸ்லாப் வாசிப்பை அங்கே நினைத்துப் பார்க்க முடியாது.

தளர்ந்த கம்பிக்கு ஒரு தனிப் பேச்சும் உண்டு. பலமாக மீட்டும்போது கம்பி அகலமாக ஆடுகிறது. ஆடும்போது கணநேரம் நீள்வதால் இழுவிசை கூடி, சுருதி ஒரு துளி மேலே எழும்பி, ஆட்டம் அடங்க அடங்கக் கீழே வந்து நிற்கிறது. 18 கிலோவில் நிற்கும் கம்பியில் இது அவ்வளவாகத் தெரிவதில்லை. ஒன்பது கிலோவில் அது ஓர் உறுமலாகக் காதில் விழும். டுவேன் எடி போன்ற அந்தக் காலக் கிதார் கலைஞர்கள் இந்த வாத்தியத்தை விரும்பியதற்கு இந்த உறுமலும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

வாத்தியத்துக்கு உண்மையான வேலை கிடைத்தது நாஷ்வில்லில். அங்கே நாட்டுப்புறப் பாட்டுப் பதிவுகளில் டபுள் பேஸ் வாசிக்கும் அதே சுரங்களை, அதே நேரத்தில், இன்னொருவர் ஆறு கம்பி பேஸில் பிக்கால் வாசிப்பார். வலது உள்ளங்கையைக் குதிரையருகே கம்பிமேல் லேசாக அழுத்தி, ஒலியை உடனுக்குடன் நிறுத்திவிடுவார். 'டிக்-டாக்' என்று கேட்கும். அதனால் அதற்கு டிக்-டாக் பேஸ் என்றே பெயர். 1961-இல் பாட்சி கிளைன் பாடிய 'கிரேஸி'யில் டபுள் பேஸ் பாப் மூர்; ஆறு கம்பி பேஸ் ஹெரால்ட் பிராட்லி. தயாரிப்பாளர் ஹெரால்டின் அண்ணன் ஓவன் பிராட்லி.

ஒரே சுரத்தை இரண்டு பேர் வாசிக்க வேண்டிய அவசியம் என்ன? காரணம் பாதி நம் காதில், பாதி அந்தக் கால வானொலியில்.

தாழ்ந்த ஒலிக்கு நம் காது மந்தமானது. 1933-இல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை முறையாக அளந்து வளைகோடுகளாக வரைந்தார்கள். இன்றைய சர்வதேசத் தரநிலையின்படி 1000 ஹெர்ட்ஸில் ஓர் ஒலி காதில் பட இரண்டு, மூன்று டெசிபல் போதும். 40 ஹெர்ட்ஸில் ஐம்பது டெசிபல் தேவை. போதாக்குறைக்குக் கையடக்க வானொலியின் சிறு ஒலிபெருக்கி 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. அப்படியானால் 41 ஹெர்ட்ஸில் வாசித்த சுரம் கேட்பவருக்கு எப்படித்தான் போய்ச் சேர்ந்தது?

மூளை அதைக் கட்டிக்கொள்கிறது. கம்பி 41.2 ஹெர்ட்ஸில் மட்டும் அதிர்வதில்லை. 82, 124, 165, 206 என்று அதன் மடங்குகளிலும் சேர்ந்தே அதிர்கிறது. கீழே இருப்பவற்றை ஒலிபெருக்கி விழுங்கிவிட்டாலும், 165, 206, 247 என்று மேலே நிற்பவை வந்து சேர்கின்றன. அடுத்தடுத்த இரண்டுக்கும் இடையே 41 என்ற ஒரே இடைவெளி. அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு மூளை, வராத 41-ஐயே சுருதியாக உணர்கிறது. இளையராஜாவின் பேஸ் வரிகளை டீக்கடை டிரான்சிஸ்டரில் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் ஏராளம். அந்தப் பெட்டியிலிருந்து பேஸின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் வெளியே வந்திருக்கவே முடியாது. கேட்டதில் பாதி அவர்களே இட்டு நிரப்பியது.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை: மேற்சுரங்கள் போதிய பலத்தோடு இருக்க வேண்டும். டபுள் பேஸை விரல் சதையால் இழுத்தால் உருண்டையான ஒலி வரும், மேற்சுரம் குறைவு. கெட்டியான பிக்கின் முனை கம்பியை ஒரு புள்ளியில் பிடித்து விடுவதால் மேற்சுரங்கள் கொட்டும். உள்ளங்கை அழுத்தம் அவற்றை நீளவிடாமல் தொடக்கத்தோடு முடித்துவிடும். ஆக, உடம்பு டபுள் பேஸிலிருந்து, முகம் ஆறு கம்பி பேஸிலிருந்து. நல்ல ஒலிபெருக்கியில் கேட்பவருக்கு இரண்டும் கேட்கும். காரில் கேட்பவருக்கு டிக்-டாக் மட்டும் கேட்கும், அதுவே மெட்டின் நடையைச் சொல்லிவிடும். செவிப்புலன் ஆய்வு எதையும் படிக்காமல், பதிவுக் கூடத்துக் காதுகளை மட்டும் நம்பி அவர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள்.

கிதார் கலைஞருக்கு இந்த வாத்தியம் தரும் பெரிய ஏமாற்றமும் காதைச் சார்ந்ததே. விரலமைப்பு கிதாருடையது என்பதால் கிதாரில் போடும் கார்டுகளையும் போட்டுவிடலாம் என்று கை போகும். ஈ மேஜர் கார்டைத் திறந்த கம்பிகளோடு முழுதாக மீட்டிப் பாருங்கள். கிதாரில் பளிச்சென்று விரியும் அதே கார்டு இங்கே குழம்பிய இரைச்சலாக வரும்.

குற்றம் கையில் இல்லை. உள்காதின் நத்தைச்சுருள் ஒவ்வோர் அதிர்வெண்ணையும் அதனதன் இடத்தில் பிரித்து வாங்குகிறது. ஆனால் அந்தப் பிரிப்புக்கு ஓர் எல்லை உண்டு. மிக நெருங்கிய இரண்டு அதிர்வெண்கள் ஒரே இடத்தைக் கிளறி, தனித்தனியாகக் கேட்காமல் ஒன்றோடொன்று மோதுகின்றன. இந்த எல்லைக்கு முக்கியப் பட்டை என்று பெயர். 1961-இல் எபர்ஹார்ட் ஸ்விக்கர் வெளியிட்ட அளவையின்படி 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒவ்வொரு பட்டையும் சுமார் 100 ஹெர்ட்ஸ் அகலம். பின்னால் வந்த அளவீடுகள் அதைவிடக் குறுகலாகச் சொல்கின்றன. 50 ஹெர்ட்ஸ் அருகே 30 என்ற அளவில். எந்த அளவை எடுத்துக்கொண்டாலும் முடிவு ஒன்றுதான்.

ஆறு கம்பி பேஸில் ஈ மேஜர் கார்டின் சுரங்கள்: 41.2, 61.7, 82.4, 103.8, 123.5, 164.8. முதல் ஐந்தும் 83 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. பக்கத்துப் பக்கத்துச் சுரங்களின் வித்தியாசம் சுமார் இருபது. இரண்டு சுரங்கள் நொடிக்கு ஒன்றிரண்டு முறை விம்மினால் காது அதை மெல்லிய அசைவாக ரசிக்கும். இருபது, முப்பது முறை என்றால் எண்ண முடியாது, கரடுமுரடாக உணரும். விம்மல் நொடிக்கு முப்பதுக்குச் சற்று மேலே போகும்போது கரகரப்பு உச்சத்தைத் தொடுகிறது என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இலேயே எழுதியிருக்கிறார். டச்சு ஆய்வாளர்கள் பிளாம்ப்பும் லெவெல்ட்டும் 1965-இல் இதை முக்கியப் பட்டையோடு பொருத்தி, கரகரப்பு பட்டையின் அகலத்தைப் பொறுத்தது என்று காட்டினார்கள். கிதாரில் இதே கார்டு இரு மடங்கு அதிர்வெண்ணில் விரிகிறது. வித்தியாசங்களும் இரட்டித்து நாற்பது ஆகிவிடுகின்றன. மேலே போகப் போக மோதல் குறைகிறது. கீழே அந்த வசதி இல்லை.

பழகியவர்கள் இதைச் சுற்றிப்போகும் வழியைக் கண்டுகொள்கிறார்கள். கார்டை இறுக்கிப் பிடிக்காமல் அகட்டுவார்கள்: கீழே 41.2-இல் ஈ, அதோடு சேர வேண்டிய மூன்றாம் சுரத்தைப் பக்கத்தில் 51.9-இல் வைக்காமல் ஒரு ஸ்தாயி ஏற்றி 103.8-இல். வித்தியாசம் 11-லிருந்து 63 ஆகிறது, குழப்பம் தெளிகிறது. அல்லது சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ப்பார்கள். அதுவும் இல்லையென்றால் கீழ்க் கம்பிகளைத் தொடாமல் மேல் மூன்று கம்பிகளில் மெட்டு வாசிப்பார்கள். கேம்பல் செய்தது அதைத்தான். த க்யூர் குழுவின் ராபர்ட் ஸ்மித் 1989-இல் வந்த 'டிஸ்இன்டக்ரேஷன்' தொகுப்பில் பேஸ் சிக்ஸை இப்படித்தான் கையாண்டார்: குழுவில் பேஸ் வாசிக்க சைமன் கேலப் இருக்க, இவர் அதற்கு மேலே இன்னொரு கனத்த குரலை மெட்டாக ஓடவிட்டார். என்னைக் கேட்டால் இந்த வாத்தியத்தின் மிகச் சிறந்த பயன் அதுதான்; அதைப் பேஸாக வாசிப்பது அதன் இரண்டாவது திறமை.

பேஸாக வாசித்தவர்களும் உண்டு. 1969 ஜனவரியில் பீட்டில்ஸ் குழுவின் 'லெட் இட் பி' பதிவுகளின்போது பால் மெக்கார்ட்னி பியானோவில் உட்கார்ந்துவிட்டால் பேஸுக்கு ஆள் இல்லை. கிதார் கலைஞர்களான லெனனோ ஹாரிசனோ பேஸ் சிக்ஸை எடுத்துக்கொண்டார்கள். கிதார்க்காரர் அவசரத்துக்குப் பேஸ் வாசிக்க இதைவிடத் தோதான கருவி கிடையாது. 'த லாங் அண்ட் வைண்டிங் ரோட்' பாட்டில் லெனனின் பேஸ் வாசிப்பில் உள்ள தடுமாற்றங்களைச் சுட்டிக்காட்டாத பீட்டில்ஸ் ஆய்வாளர் இல்லை. அதில் வாத்தியத்தைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

ஃபெண்டரின் பின்னாளைய மாதிரிகளில் ஒரு கூடுதல் சுவிட்ச் வந்தது. அதைத் தட்டினால் மின்தேக்கி ஒன்று சுற்றுக்குள் வந்து தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டிவிடும். பேஸ் வாத்தியத்தில் பேஸைக் குறைக்க ஒரு சுவிட்ச்! முக்கியப் பட்டையின் கதை தெரிந்தபின் இது விநோதமாகத் தோன்றாது. கீழே உள்ள மோதல்களைக் குறைத்துவிட்டால் கார்டு ஓரளவு கேட்கும்படி ஆகிறது. விடுபட்ட அடிப்படைச் சுரத்தைத்தான் மூளை பார்த்துக்கொள்கிறதே.

எதிர்க் கரையிலிருந்து வந்தவர் ஆண்டனி ஜாக்சன். நியூயார்க்கின் பதிவுக் கூடங்களில் பேர்போன பேஸ் கலைஞர். பேஸ் கிதாரும் கிதார் குடும்பத்தைச் சேர்ந்தது என்றால் அதற்கு மட்டும் ஏன் நான்கு கம்பி என்பது அவர் கேள்வி. 1975-இல் கார்ல் தாம்ப்சன் என்ற கைவினைஞர் அவருக்காக முதல் ஆறு கம்பி வாத்தியத்தைச் செய்துகொடுத்தார். ஜாக்சன் அதை பேஸ் என்று சொல்லாமல் கான்ட்ராபேஸ் கிதார் என்றே அழைத்தார். அதன் அடிக் கம்பி 30.9 ஹெர்ட்ஸ். இங்கே இழுவிசையை விட்டுக்கொடுக்கும் பேச்சே இல்லை; கம்பி இறுக்கமாக நிற்க வேண்டும் என்பதற்காகப் பிற்பாடு ஃபோடேரா பட்டறை செய்த அவருடைய வாத்தியங்களின் நீளம் 36 அங்குலத்துக்குப் போனது. அதே கம்பியை அதே சுருதியில் 34 அங்குலத்திலிருந்து 36-க்கு மாற்றினால் இழுவிசை 12 சதவீதம் கூடும். கிதாரின் ஜி, பி கம்பிகளுக்கு இடையே உள்ள சிறிய சுருதி இடைவெளியையும் அவர் ஏற்கவில்லை. எல்லாக் கம்பிகளும் ஒரே அளவு விலகி நிற்கின்றன. கிதார் கார்டுகள் அப்படியே உட்காராது, ஆனால் ஒரு விரலமைப்பைக் கற்றால் எந்தக் கம்பியிலும் அது செல்லும். கம்பி ஆறாக ஆனதே தவிர, அது கடைசிவரை பேஸ்தான்.

ஃபெண்டர் பேஸ் சிக்ஸ் 1975-இல் நின்றுபோனது. பிறகு மறுபடி மறுபடி தயாரிப்புக்கு வந்திருக்கிறது. மலிவு விலை மாதிரிகளும் இப்போது உண்டு. வாங்குபவர்கள் முதல் வாரத்திலேயே சந்திக்கும் சிக்கல் ஒன்று: தடித்த ஈ கம்பி திறந்து வாசிக்கும்போது சுருதி சேர்ந்திருக்கும், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் மேலே ஏறிவிடும். அங்கே அதிரும் நீளம் 15 அங்குலம்தான். நீளம் குறைந்தால் கம்பியின் விறைப்பு கூடுதலாக வேலை செய்யும். விரலால் அழுத்தும்போது கூடும் இழுவிசையும் தளர்ந்த கம்பியில் பெரிதாகத் தெரியும். குதிரையில் உள்ள திருகைத் திருகி அந்தக் கம்பியின் நீளத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும், ஆனால் பல மாதிரிகளில் 0.084 கம்பிக்குத் தேவையான அளவு பின்னால் போக அங்கே இடம் இருப்பதில்லை. 0.095 கம்பி மாட்டினால் இழுவிசை கூடித் தொளதொளப்பு குறையும், விரல் அழுத்தத்தால் வரும் பிழையும் குறையும். நட்டின் வெட்டை மட்டும் அரத்தால் சற்று அகலப்படுத்த வேண்டியிருக்கும். பேஸாக வாசிக்க நினைப்பவர் அதை மாட்டலாம். மெட்டு வாசிக்க நினைப்பவருக்கு 0.084 போதும், அவர் அந்தக் கம்பியின் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்குப் போகப்போவதே அபூர்வம்.